செக் திரும்பினால் முதலில் தேதியைப் பாருங்கள்: தோல் வட்டார வணிகர்களுக்கும் குடும்பங்களுக்கும் சட்டம் தரும் வழிகள்

காசோலை வழக்குகளை இனி எப்படி நடத்த வேண்டும் என்று 2025 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுக்குமான புதிய நெறிமுறைகளை வகுத்தது. கோவாவிலிருந்து வந்த 6 லட்சம் ரூபாய் காசோலை வழக்கு ஒன்றில் நீதிபதிகள் மன்மோகன், என்.வி. அஞ்சாரியா அமர்வு அளித்த தீர்ப்பு அது. டெல்லி மாவட்ட நீதிமன்றங்களில் மட்டும் சுமார் 6.5 லட்சம் காசோலை வழக்குகள் தேங்கிக் கிடப்பதை அந்தத் தீர்ப்பு கவலையுடன் சுட்டிக்காட்டியது.

இந்தச் செய்தி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை மக்களுக்கு மிக நெருக்கமானது. நமது தோல் வியாபாரமே கடனில்தான் ஓடுகிறது. பச்சைத்தோல் வியாபாரி டேனரிக்குக் கடன் கொடுக்கிறார். டேனரி, ஷூ கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறது. கெமிக்கல் கடைக்காரர், ஜாப் ஒர்க் செய்பவர், லாரிக்காரர் எல்லோரும் 60 நாள், 90 நாள் தேதி போட்ட செக்கைக் கையில் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். சங்கிலியின் ஒரு முனையில் பணம் நின்றால் மறுமுனை வரை ஆட்டம் காண்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, தோலும் காலணியும் அதில் சிக்கின. ஆர்டர் தள்ளிப்போனால், செக்கும் தள்ளிப்போகும்.

இப்படிப்பட்ட நேரத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். "தெரிந்தவர், நம் ஜமாஅத்துக்காரர், இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம்" என்று திரும்பி வந்த செக்கைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அவகாசம் கொடுப்பது நல்ல குணம். ஆனால் தேதியைப் பார்க்காமல் கொடுக்கும் அவகாசம், கொடுத்தவரின் உரிமையையே அழித்துவிடுகிறது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு தோல் நிறுவனம் வாங்கித் தந்த தீர்ப்பு

அந்த இடத்தை உறுதிசெய்தது தமிழகத்திலிருந்து போன ஒரு தோல் நிறுவனத்தின் வழக்கு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் என்ற நிறுவனத்துக்கு மொத்தம் 10 லட்சம் ரூபாய்க்கு நான்கு செக்குகள் தரப்பட்டிருந்தன. 1996 நவம்பரில் அவை பணமில்லை என்று திரும்பின. நோட்டீஸ் அனுப்பியும் பணம் வரவில்லை. ஆனால் அந்த நோட்டீஸை வைத்து நிறுவனம் வழக்குப் போடவில்லை. 1997 ஜனவரியில் அதே செக்குகள் மறுபடி வங்கிக்குப் போயின, மறுபடியும் திரும்பின. இரண்டாவதாக நோட்டீஸ் அனுப்பி, அதன் பிறகே வழக்குத் தொடர்ந்தார்கள்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. முதல் நோட்டீஸுக்குப் பிறகு வழக்குப் போடாமல் விட்டால், அதே செக்கை மீண்டும் போட்டுப் புதிதாக வழக்குத் தொடர முடியாது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியிருந்தது. அதன்படி எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. விஷயம் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2012 செப்டம்பர் 26 அன்று அந்த அமர்வு 1998 தீர்ப்பை மாற்றியது. செக் உயிரோடு இருக்கும் காலத்துக்குள் எத்தனை முறை போட்டாலும், கடைசியாகத் திரும்பியதை வைத்து முறையாக நோட்டீஸ் கொடுத்து வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. உடனே வழக்குக்கு ஓடாமல் கடனாளிக்கு அவகாசம் கொடுத்தவரைச் சட்டம் தண்டிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கு நடந்த காலத்தில் செக் ஆறு மாதம் செல்லும். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டது. அதாவது, அவகாசம் கொடுக்கும் உரிமையை நீதிமன்றம் உறுதிசெய்த அதே ஆண்டில், அவகாசத்தின் அளவு பாதியாகிவிட்டது. செக்கில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம். அதற்குள்தான் எல்லாம்.

நான்கு தேதிகள்

காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 138-வது பிரிவு, 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தில் 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பணமில்லாமல் திரும்பினால் மட்டும்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். கணக்கை மூடிவிட்டாலும், பணம் இல்லாத நிலையில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தாலும், வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டாலும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

இந்தச் சட்டத்தின் பலம் முழுவதும் நான்கு தேதிகளில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 2026 ஜனவரி 5 தேதியிட்ட செக் உங்கள் கையில் இருக்கிறது.

ஒன்று: அதை ஏப்ரல் 4-க்குள் வங்கியில் போட வேண்டும்.

இரண்டு: ஜனவரி 12 அன்று போடுகிறீர்கள், அன்றே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதாவது பிப்ரவரி 11-க்குள்.

மூன்று: நோட்டீஸ் ஜனவரி 28 அன்று அவர் கைக்குப் போகிறது. பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது பிப்ரவரி 12 வரை அவகாசம் உண்டு. அதற்கு முன் வழக்குப் போட்டால் அது செல்லாது.

நான்கு: அந்த 15 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கணக்கில் மார்ச் 12-க்குள் முடித்துவிடுவது பத்திரம்.

நான்காவது தேதி தவறினால், தகுந்த காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. இரண்டாவது தேதியான 30 நாள் நோட்டீஸுக்கு அப்படி மன்னிப்பு கிடையாது. அது தவறினால், செக் காலாவதி ஆகாமல் இருந்தால் மட்டுமே மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

இப்போது எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் தீர்ப்பை இந்த எடுத்துக்காட்டில் பொருத்திப் பாருங்கள். ஜனவரியில் செக் திரும்பிய பிறகு, "மார்ச் கடைசியில் பேமென்ட் வரும், அதுவரை பொறுங்கள்" என்று அவர் கேட்கிறார். தாராளமாகப் பொறுக்கலாம். மார்ச் கடைசியிலும் பணம் வரவில்லையென்றால், ஏப்ரல் 4-க்குள் செக்கை மீண்டும் போட வேண்டும். திரும்பினால் அன்றிலிருந்து புதிய 30 நாள். உரிமை அப்படியே இருக்கிறது. அவர் மே மாதம் வரை கேட்டால், வெறும் வாய்ச்சொல்லை நம்பிப் பழைய செக்கை வைத்திருப்பதில் பயனில்லை. புதிய தேதியிட்ட செக்கும், பாக்கித் தொகையை ஒப்புக்கொள்ளும் ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு மே வரை பொறுக்கலாம். அதுவும் அவகாசம்தான், ஆனால் பாதுகாப்பான அவகாசம்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 4 முதல் வங்கிகளில் செக் கிளியரிங் நாள் முழுவதும் தொடர்ந்து நடக்கிறது. காலையில் போட்ட செக்கின் கதி பெரும்பாலும் அன்று மாலையே தெரிந்துவிடும். எனவே 30 நாள் கணக்கும் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. ரிட்டர்ன் மெமோவை வாங்க அடுத்த வாரம் போகலாம் என்று இருக்க வேண்டாம். எஸ்.எம்.எஸ். வந்த நாளையே தொடக்கமாக வைத்துக் கணக்கிடுவது நல்லது.

நோட்டீஸில் எழுத்துப் பிழைகூட ஆபத்து

நோட்டீஸை வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. செக் தொகை எவ்வளவோ அதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். 2025 செப்டம்பரில் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் 1 கோடி ரூபாய் செக்குக்கு, நோட்டீஸில் 2 கோடி என்று எழுதப்பட்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; நோட்டீஸே செல்லாது என்றது. வக்கீல் செலவு, வேறு பாக்கி எதையாவது கேட்பதாக இருந்தால் அவற்றைத் தனித் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். செக் தொகையோடு சேர்த்து ஒரே எண்ணாக எழுதினால் வழக்கே போய்விடலாம்.

நோட்டீஸைச் சரியான முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். வாங்க மறுத்தாலும், வீட்டில் ஆளில்லை என்று திரும்பினாலும், சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2007-இல் கேரளத்திலிருந்து வந்த அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது.

ஆக்ராவுக்கு ஓட வேண்டியதில்லை

நம் தோல் கான்பூருக்கும் ஆக்ராவுக்கும் கொல்கத்தாவுக்கும் போகிறது. அங்கே உள்ள வாங்குபவரின் செக் திரும்பினால் வழக்கை எங்கே போடுவது? 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், செக் கொடுத்தவரின் வங்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான் போட வேண்டும் என்றது. ஆம்பூர் வியாபாரி ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆக்ராவுக்கு ரயில் ஏற வேண்டிய நிலை அது. 2015-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை மாற்றியது. இப்போது, நீங்கள் உங்கள் கணக்கில் செக்கைப் போட்டு வசூலிக்க முயன்றால், உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்கு உட்பட்ட நடுவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம்.

இதில் ஒரு நுணுக்கம்: செக்கை எந்த ஊர்க் கிளையில் கொண்டுபோய்ப் போட்டீர்கள் என்பது முக்கியமில்லை, கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். தொழில் ஆம்பூரில், கணக்கு சென்னை பெரியமேட்டில் என்று வைத்திருப்பவர்கள் வழக்குக்கும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். வெளி மாநில வியாபாரம் அதிகம் உள்ளவர்கள் கணக்கை எந்தக் கிளையில் வைத்திருக்கிறோம் என்று இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

சட்டம் யார் பக்கம்?

செக்கில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று கொடுத்தவர் ஒப்புக்கொண்டுவிட்டால், அது ஒரு கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். 2010-இல் ரங்கப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. கையெழுத்து மட்டும் போட்டு, தொகையை எழுதாமல் வெற்று செக்காகக் கொடுத்திருந்தாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் வந்த தீர்ப்பும் இருக்கிறது. எனவே தொடக்கத்தில் சட்டம், செக் வைத்திருப்பவர் பக்கம்தான்.

ஆனால் அந்த அனுமானத்தை உடைக்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. அது எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

"அவ்வளவு பணம் கொடுக்க இவருக்கு வசதியே கிடையாது" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கணக்கில் காட்டாத ரொக்கமாகக் கைமாற்று கொடுத்தவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அப்படி ரொக்கத்தில் நடந்த கடன் என்பதாலேயே செக் வழக்கு விழுந்துவிடாது என்று 2025 செப்டம்பர் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இருந்தாலும் வருமான வரித் தொல்லை தனியாக வரலாம். பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

"பாதிப் பணம் கொடுத்துவிட்டேன்" என்பது இன்னொரு வாதம். 5 லட்சத்துக்கு செக், அதில் 2 லட்சம் கைக்கு வந்துவிட்டது. பிறகு செக்கை முழுத் தொகைக்கும் போட்டால் வழக்கு நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வந்த தொகையைச் செக்கிலேயே எழுதிக் குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது பாக்கிக்கு மட்டும் புதிய செக் வாங்க வேண்டும். நேர்மையும் அதுதான்.

"சரக்கு தரமில்லை", "ஆர்டரையே ரத்து செய்துவிட்டோம்" என்பவை தோல் வியாபாரத்துக்கே உரிய வாதங்கள். சரக்கே போகாமல், முன்பணமாகக் கொடுத்த செக்கை ஆர்டர் ரத்தான பிறகு போட்டால் 138 பொருந்தாது. சரக்கு போயிருந்தால், இன்வாய்ஸ், டெலிவரி சலான், இ-வே பில் ஆகியவை உங்கள் பக்கம் பேசும். வாங்கியவர் உங்கள் இன்வாய்ஸை வைத்து ஜி.எஸ்.டி. வரவு எடுத்திருந்தால், சரக்கு வரவில்லை என்று பின்னால் சொல்வது அவருக்குக் கடினம்.

மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட பழைய கடனுக்காக வாங்கிய செக்கும் சிக்கலுக்குரியது. ஒவ்வொரு ஆண்டும் கணக்கை எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்தால் இந்தத் தொல்லை வராது.

வீட்டுப் பெண்கள் பெயரில் கம்பெனி

நம் பகுதியில் குடும்பமே நிறுவனம். மனைவி, தாய், மருமகள் பெயர்களைப் பங்குதாரர்களாகவோ இயக்குநர்களாகவோ சேர்ப்பது வழக்கம். சில வீடுகளில், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று செக் புத்தகம் முழுவதிலும் அவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைப்பதும் உண்டு.

நிறுவனத்தின் செக் திரும்பினால், நிறுவனத்தோடு சேர்த்து அன்றாட நிர்வாகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்களும் 141-வது பிரிவின்படி குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். செக்கில் கையெழுத்துப் போட்டவர் எளிதில் தப்ப முடியாது. பெயருக்கு மட்டும் பங்குதாரராக இருந்து, நிர்வாகத்தில் தலையிடாதவர் தப்பலாம்; ஆனால் அதற்கும் பெரும்பாலும் உயர் நீதிமன்றம் வரை போய்ச் செலவழிக்க வேண்டியிருக்கும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் கணவர் மட்டும் கையெழுத்திட்ட செக்குக்கு மனைவி குற்றவாளி அல்ல என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கையெழுத்து யாருடையதோ பொறுப்பும் அவருடையது. வீட்டுப் பெண்களிடம் கையெழுத்துக் கேட்கும் முன் இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஆண்களின் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது பெண்களின் உரிமை.

வழக்குப் போடுபவருக்கும் ஓர் எச்சரிக்கை: கம்பெனியின் செக் என்றால் கம்பெனியையும் எதிரியாகச் சேர்க்க வேண்டும். இயக்குநரை மட்டும் சேர்த்தால் வழக்கு நிற்காது என்பது 2012 முதல் உறுதியான சட்டம்.

அடுத்து, வாரிசுகள் விஷயம். செக் வாங்கியவர் இறந்துவிட்டால் அவருடைய வாரிசுகள் வழக்கைத் தொடரலாம். செக் கொடுத்தவர் இறந்துவிட்டால் குற்ற வழக்கு அவரோடு முடிந்துவிடும். பிள்ளைகளை அதில் தண்டிக்க முடியாது. ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கடனைக் கேட்டு உரிமையியல் வழக்குப் போடலாம். சொத்தைப் பங்கிடும் முன் கடனை அடைக்க வேண்டும் என்ற நமது மார்க்கச் சட்டமும் இதையே சொல்கிறது.

புதிய நெறிமுறைகளால் என்ன மாறும்?

இத்தகைய வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. முக்கியக் காரணம், எதிரிக்குச் சம்மன் போய்ச் சேராமல் இருப்பது. 2025 தீர்ப்பு இதைத்தான் முதலில் தொடுகிறது. வழக்கமான முறையோடு, புகார்தாரரே சம்மனை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்; மின்னஞ்சல், வாட்ஸ்அப் வழியாகவும் அனுப்பலாம். எனவே வியாபாரத்தின் தொடக்கத்திலேயே வாங்குபவரின் சரியான முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அது ஒரு வருடத்தை மிச்சப்படுத்தலாம்.

நீதிமன்றம் இணையம் வழியாகப் பணம் கட்டும் வசதி செய்ய வேண்டும். சம்மன் கிடைத்தவர் அதன் மூலம் செக் தொகையைக் கட்டி விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பு கூறுகிறது. சமாதானத்துக்கான செலவுத் தொகையும் குறைக்கப்பட்டுள்ளது. எதிர்த்தரப்பு சாட்சியத்துக்கு முன்பே பணம் கட்டினால் கூடுதல் தொகை இல்லை. அதன் பிறகு, தீர்ப்புக்கு முன் என்றால் 5 சதவீதம். செஷன்ஸ் அல்லது உயர் நீதிமன்றத்தில் 7.5 சதவீதம். உச்ச நீதிமன்றத்தில் 10 சதவீதம். 2010-இல் வகுக்கப்பட்ட விகிதங்களைவிட இவை குறைவு. சீக்கிரம் சமாதானம் ஆனால் லாபம் என்பதே இதன் பொருள்.

2018 செப்டம்பர் 1 முதல் இன்னொரு வசதியும் இருக்கிறது. எதிரி குற்றத்தை மறுத்தால், வழக்கு முடியும் முன்பே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் இது தானாகக் கிடைத்துவிடாது. வழக்கின் வலுவைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தால், விதிக்கப்பட்ட தொகையில் குறைந்தது 20 சதவீதத்தைக் கட்டும்படி மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிடலாம்.

தேதி தவறியவர்களுக்கு

138 கைநழுவிப் போனால் கடன் போய்விட்டது என்று அர்த்தமில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுக்குள் பண வசூல் வழக்குப் போடலாம். செக்கை அடிப்படையாகக் கொண்டு விரைவு நடைமுறையிலும் தொடரலாம். தமிழ்நாட்டில் 2017-இல் நீதிமன்றக் கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட வணிகத் தகராறாக இருந்தால், அவசர நிவாரணம் கேட்காதபோது, வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம்.

உற்பத்தி செய்யும் டேனரி, ஷூ அப்பர் யூனிட், ஜாப் ஒர்க் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் இணையம் வழியாக வசதியாக்கக் கவுன்சிலிடம் முறையிடலாம். சரக்கு போகும் முன்பே உதயம் பதிவு செய்திருப்பது பாதுகாப்பு. வாங்கி விற்கும் தரகு வியாபாரிகளுக்கு இந்த வழி பொதுவாகக் கிடைப்பதில்லை.

இந்தச் சட்டம் தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் தருகிறது. வட்டி வேண்டாம் என்று இருப்பவர்கள் அசலையும் செலவையும் மட்டும் கேட்கலாம். வட்டி கேட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

போலீஸில் புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்பது பரவலான எண்ணம். 138 வழக்கு போலீஸ் வழக்கு அல்ல. நீங்களே நடுவரிடம் கொடுக்க வேண்டிய புகார். தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டுமே மோசடிப் புகாருக்கு இடம் உண்டு. காவல் நிலையத்துக்கு அலைந்துகொண்டே 30 நாளை விட்டுவிடாதீர்கள்.

செக் கொடுத்தவர்களும் கவனிக்க

நொடித்துப் போன எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. நோட்டீஸ் வந்தால் ஒளிந்துகொள்வதுதான் பெரிய தவறு. பதில் அனுப்பாமல் இருப்பதையே நீதிமன்றம் உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளும். 2025 தீர்ப்பில் அதுவும் ஒரு காரணமாக அமைந்தது. கொடுத்த தொகைக்கு ரசீது வாங்குங்கள். உத்தரவாதமாகக் கொடுத்த செக்கைக் கடன் தீர்ந்த அன்றே திரும்ப வாங்குங்கள். கந்து வட்டிக்காரரிடம் வெற்று செக் சிக்கியிருந்தால், தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டத்தின்படி புகார் செய்ய முடியும். சிறை வாசல் வரை போவதைவிட, 15 நாளுக்குள் தவணை பேசி எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் மரியாதை.

எழுதி வைப்பது சந்தேகம் அல்ல

கடனைத் தவணையோடும் சாட்சியோடும் எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் கட்டளையிடுகிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டும் அடுத்தடுத்து இருப்பது சிந்திக்கத்தக்கது. அவகாசம் கொடு, ஆனால் எழுதி வை. நம் ஊர்களில் முதலாவதைப் பின்பற்றுகிறோம்; இரண்டாவதைச் சொன்னால், "நம்பிக்கை இல்லையா?" என்று கோபிக்கிறோம்.

ஜமாஅத் பெரியவர்கள் பேசி முடித்துவைக்கும் வழக்கம் நமக்கு ஒரு பலம். அதை விட வேண்டியதில்லை. ஆனால் பேச்சுவார்த்தை நடக்கும்போது சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை. எனவே பஞ்சாயத்தில் உட்காரும் முன், செக்கின் தேதி என்ன, திரும்பிய நாள் என்ன, நோட்டீஸுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பெரியவர்களே கேட்க வேண்டும். முடிவை எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால், அந்தச் சமாதானத்தை லோக் அதாலத்தில் பதிவு செய்யலாம். அங்கே கிடைக்கும் உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். தவணை தவறினால் அதை வைத்தே வசூலிக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைகளும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

இன்றே பீரோவைத் திறந்து, கையில் இருக்கும் செக்குகளின் தேதிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதன் மூன்று மாதக் கெடுவையும் குறியுங்கள். யாருக்கு எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.